பட்டியலின் கடைசி வரி

"டிவியில நின்னு நாளைக்கு மழை வரும்னு சொல்றதுக்கா இருபது வருஷம் ஆடினே?"

"முட்டி போயிடுச்சும்மா. இன்னும் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். அப்புறம் நாம ரெண்டு பேரும் எதைச் சாப்பிடறது, கைதட்டலையா?"

நான் குழாயை மூடினேன். பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தத்தில் பாதி வார்த்தை போய்விடும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். கட்டியவனைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டால் எனக்கு மனசு கேட்காது. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சர்க்கரை கேட்கும் சாக்கில் போனேன். என் வீட்டில் சர்க்கரை இருந்தது.

"வாங்க அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள் நாட்டியக்காரி. "நான் இப்பவே வேலையை விடறேன்னு சொல்லல. முதல்ல நல்லா விசாரிக்கப் போறேன். இதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல" என்றேன். "விசாரிக்கிறது நல்ல விஷயம்தானே." அது நான் மனதாரச் சொன்னது.

அவள் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். பார்த்தால் வாய் பிளந்துவிடுவீர்கள். நடனத்துக்கு அடவு பிரிப்பது போல எல்லாவற்றையும் கட்டம் போட்டுப் பிரித்திருந்தாள். மேடையை விட்டுத் தொலைக்காட்சித் தொகுப்பாளினி ஆனவர்கள் ஆறு பேர். ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள்: முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று, ஆடிஷனில் எதைப் பார்க்கிறார்கள், குரலுக்கு என்ன பயிற்சி செய்தீர்கள். மூன்று மாதத்தில் ஒரு காலை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். முன்பின் தெரியாதவரிடம் போனில் பேச அவளுக்கு வராது. இருபது வருடம் மேடையில் வாயைத் திறக்காமல் பிழைத்தவள் அல்லவா.

"உங்களுக்குத்தான் யார்கிட்ட வேணும்னாலும் பேச வருமே அக்கா" என்று நோட்டை என் கையில் கொடுத்தாள். நியாயமான பேச்சு.

முதல் ஆளுக்கு நான் உண்மையாகவே போன் செய்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மனுஷி, இருபது நிமிடம் பேசினார். "அந்தப் பொண்ணை நேர்ல வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்க. ஆடிஷன்ல தேர்வு பண்றவங்கள்ல நானும் ஒருத்தி. குரலை மட்டும் எதுவும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க, இயல்பா இருந்தாப் போதும்" என்றார். இதை எழுத வெற்றுப் பக்கம் தேடித்தான் நோட்டின் கடைசித் தாளுக்குப் போனேன். அங்கே 'உதவக்கூடியவர்கள்' என்று ஒரு பட்டியல். கடைசி வரி இப்படி இருந்தது: 'பக்கத்து வீட்டு அக்கா. வேலைவெட்டி இல்லை, ஊர் வம்பு முழுக்கத் தெரியும், பயன்படுத்திக்கொள்ளலாம்.'

எனக்குக் கோபம் வரவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது.

மீதி ஐந்து பேருக்கு நான் போன் செய்யவில்லை. ஆறு பேருடைய பதில்களையும் நானே எழுதினேன். அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் வரும். அதனால் ஒருத்தியை அலட்டிக்கொள்ள வைத்தேன், ஒருத்தியை எரிந்து விழ வைத்தேன். குரல் விஷயத்தில் மட்டும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். மைக்குக்குக் கனத்த குரல்தான் பிடிக்கும். தொண்டையை இறுக்கி, அடிக்குரலில், தினமும் மூன்று மணி நேரம் செய்தித்தாள் படிக்க வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒருத்தி மட்டும் இரண்டரை மணி நேரம் போதும் என்றாள். அது நம்பகத்தன்மைக்காக.

"எல்லாரும் பெரிய பெரிய ஆளுங்க. மறுபடி தொந்தரவு பண்ணாதேன்னு சொல்லிட்டாங்க. ஏதாவதுன்னா நானே கேட்டுச் சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வேறு யாராவதாக இருந்தால் நான்காம் நாளே விட்டிருப்பார்கள். ஆனால் நடனம் கற்றவர்களின் வழக்கம் வேறு. அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்: வகுப்பில் 'போதும்' என்று குரல் வரும்வரை நிறுத்தக் கூடாது, வலித்தால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். முட்டி அப்படித்தான் போயிருக்கிறது. ஆகவே நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

சுவர் வழியாக எல்லாம் கேட்டது. முதல் வாரம் வானிலைச் செய்தி தெளிவாக வந்தது. இரண்டாம் வாரம் விளையாட்டுச் செய்தியில் பாதிதான் வந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள நானே ஒரு செய்தித்தாள் வாங்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் வாரம் வந்து நின்றாள். குரல் தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருந்தது.

"ரொம்ப வலிக்குது அக்கா. நிறுத்திடட்டுமா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன். மறுநாள் சொன்னேன். "மூணாவது வாரம் எல்லாருக்கும் அப்படித்தானாம். இப்ப விட்டா அவ்வளவும் வீணாம்."

"நல்லவேளை, கேட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

அவள் அம்மாகூட ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். "கொஞ்சம் தேன் கலந்து வெந்நீர் கொடுக்கட்டுமா?" பெற்ற மனசு. "வேண்டாம்மா, குரல் மறுபடி மெலிஞ்சுடும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் மகள் கைக்குட்டையில் ரத்தப் புள்ளியோடு வந்தபோது, குளிர்ந்த நீரில் ஊறவைக்கச் சொன்னேன். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை போகாது. பல பேருக்கு இது தெரிவதில்லை.

ஆடிஷன் நாளில் நீலப் புடவையில் போனாள். அந்த நிறமும் என் யோசனைதான், அதில் குறை சொல்ல முடியாது. கேமராவுக்கு முன்னால் பேரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வாய் அசைந்ததாம், சத்தம் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் போனில் பேசிய அதே அம்மாள். "குரலை எதுவும் பண்ண வேண்டாம்னு சொல்லியனுப்பினேனே, உங்க அக்கா சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறார். கேட்பார் என்று எனக்கு முன்பே தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும் என்பதும் தெரியும்.

சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள். உதடுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. காற்றுதான் வந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றேன். "ஒண்ணும் காதுல விழல."

நோட்டை என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள்.

தொண்டை மருத்துவர் இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றாராம். ஆறே வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். அம்மா தன் தங்கை வீட்டோடு போய்விட்டார். பெண் வேறு ஊரில், குழந்தைகளுக்குக் கைதட்டித் தாளம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறாள். போன வருடம் ஒரு ஒலிப்பதிவுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பேசாத பெண்டாட்டி கிடைத்ததில் மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம் என்று தெருவில் சொல்கிறார்கள். தெருவில் சொல்வது நான்தான்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வீடு பெருக்கும்போது விழுந்து கடைசித் தாள் புரண்டது. அந்த வரி அங்கே முடியவில்லை. பின்பக்கத்தில் தொடர்கிறது: 'என்னைவிட எவ்வளவோ நன்றாகப் பேசுகிறார். இந்த வேலைக்கு உண்மையில் அவர்தான் பொருத்தம். எனக்கு இடம் கிடைத்ததும் முதல் வேலையாக அக்காவை ஆடிஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும்.'

அன்றைக்கே திருப்பிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அடுத்தவர் எழுதியதை அப்படித் தோண்டித் துருவிப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.