நம்பத்தகாத இணைப்பு

அவைத்தலைவராக வீற்றிருக்கும் வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே! கடலையும் கண்டு, அக்கரையையும் கண்டு, அகதி முகாமின் கூரையையும் கண்டு மீண்ட பெரியோர்களே! பந்தி எப்போது என்று கண்ணாலேயே கேட்கும் தாய்மார்களே! மாலையும் கழுத்துமாய் மலர்ந்திருக்கும் மணமக்கள் ஜெனோஜன், சுபாஜினி அவர்களே! ஓலைத்தொடுவாய் சனசமூக நிலையத்தின் செயலாளர் பத்திநாதன் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார் தந்தை. முயல்கிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்?

கல்யாணம் குழப்பும் மனிதர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கல்யாணம் குழப்பிய கணினியைக் கண்டதுண்டா? கேட்டதுண்டா? எங்கள் நிலையத்தில் ஒன்று உண்டு!

தமிழ்நாட்டு முகாமில் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பிய பிள்ளைகள் இவர்கள். சுபாஜினி குடும்பம் ஊர் திரும்பியது. ஜெனோஜன் குடும்பம் அங்கேயே நின்றது. பெண்ணின் தாயார் அகஸ்ரினா அக்கா ஒரே பிடியாக நின்றார்: "அவன்ர தாய் என்ர முகத்தைப் பாத்துக் கேக்கட்டும். போனில கேட்டால் நான் பெட்டையைக் குடுக்க மாட்டன்." மாப்பிள்ளையின் தாயார் மேரிசெல்வி அம்மாவோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் வேறு இடத்துக்கு வாக்குக் கொடுப்பேன் என்றுவிட்டார்.

சென்ற ஆண்டு அந்த ஞாயிறு, பூசை முடிய ஊரே நிலையத்தில் கூடியது. இணையத்தில் முகம் பார்த்துப் பேசும் ஏற்பாடு. கதிரையில் அக்கா, பட்டுச் சேலையோடு! கணினி முதல்நாள்தான் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதுப்பித்தால் பொலிவல்லவா வரவேண்டும்? வந்ததோ பொல்லாப்பு! உலாவியைத் திறந்தேன். திரை முழுதும் தூய தமிழில் எழுதியிருந்தது: 'இந்த இணைப்பு நம்பத்தகாதது.'

அக்கா எழும்பிவிட்டார். "பாத்தியளே! மெசினுக்கே தெரியுது. இந்தச் சம்பந்தம் சரிவராது!"

"ஐயோ அக்கா, அது வேற இணைப்பு!"

"எந்த இணைப்பெண்டாலும் எனக்கு ஒண்டுதான்!"

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'என்னை இங்கிருந்து வெளியேற்று'. அன்பர்களே, ஷெல் விழுந்த நாட்களில் அந்தப் பொத்தான் நம்மிடம் இருந்திருந்தால், படகுக்காரனுக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்போமா? மற்றதில் 'ஆபத்துகளை நான் அறிவேன்'. அதை வாசித்த அக்கா, "இவரைக் கட்டினவளுக்குத் தெரியாத ஆபத்தோ?" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பொத்தானை அழுத்தியும் கணினி வழிவிடவில்லை. அணைத்தோம், போட்டோம். கழற்றினோம், பூட்டினோம். இணைய டொங்கிளை நீட்டு வயரில் கட்டிப் பனையில் ஏற்றினார் அன்ரனி. ஓம் அன்ரனி, உம்மைத்தான் சொல்கிறேன்! சிக்னல் அமோகமாய் வந்தது. அந்தப் பொல்லாத வசனமும் முன்னையிலும் விரைவாக வந்தது. கணினிக்குத் தீர்த்தம் தெளிக்க வந்தவரை நான்தான் கையைப் பிடித்து மறித்தேன்.

அதற்குள் அக்கரையிலிருந்து தொலைபேசி. "விருப்பமில்லையெண்டால் நேரா சொல்லுங்க. ஏன் ஒளிக்கிறீங்க?" மேரிசெல்வி அம்மாவின் குரல் உடைந்திருந்தது. அக்காவின் பின்னால் நின்ற சுபாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தாள்.

"மாமா, இதென்ன, 2007 எண்டு காட்டுது?"

புதுப்பித்து எழும்பிய கணினி திகதியைத் தொலைத்துவிட்டு, யுத்த காலத்தில் போய் நின்றுகொண்டிருந்தது! ஆண்டு பிழைத்தால் உலாவி எந்தத் தளத்தின் சான்றிதழையும் ஏற்காது. சோதனைச் சாவடியில் போல வந்தவரையெல்லாம் மறித்து, அடையாள அட்டை கேட்டு, 'உன்னை நம்பமாட்டேன், திரும்பிப் போ' என்றது. 2007 அல்லவா? வேறென்ன செய்யும்!

திகதியை அன்றைய நாளுக்கு மாற்றினேன். பக்கத்தைத் திறந்தேன். மேரிசெல்வி அம்மாவின் முகம் வந்தது.

"அகஸ்ரினா, உன் மகளை எனக்குத் தருவியா?"

அக்கா மீண்டும் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "எப்ப வாறியள்?"

அன்பர்களே! 2007இல் நின்றது அந்தக் கணினி மட்டுமா? இரவில் நாய் குரைத்தால், ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று நாம் இன்னும் விளக்கை அணைக்கவில்லையா? புதிதாய் ஒருவர் வந்தால் ஆருடைய ஆள் என்று இன்னும் கேட்கவில்லையா? பயந்தது பிழையில்லை, அந்த ஆண்டுக்கு அந்தப் பயம் சரி. ஆண்டு மாறிவிட்டதே, ஐயா! மாறிவிட்டதே, அம்மா!

அக்கா முன்வரிசையிலிருந்து "சோறு ஆறுது, பத்திநாதன்" என்கிறார். முடித்துவிட்டேன், அக்கா. பேசவிட்ட தந்தைக்கும் பொறுத்திருந்த உங்களுக்கும் நன்றி. மணமக்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் பிணக்கு வரும். ஒருவரையொருவர் நம்பமுடியாமல் போகும். அன்றைக்கு எதையும் கழற்றவேண்டாம், பனையிலும் ஏறவேண்டாம். முதலில் திகதியைப் பாருங்கோ. வாழ்க, வணக்கம்!