செவிட்டுக் காதில் ஒரு குரல்

டெனிஷ் நகரமான பிரெடெரிசியாவிலிருந்து ஒடென்சே போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

"என்ரை செவிட்டுக் காதுக்கு இப்ப கேட்குதடி" என்றார் மூத்தவர்.

மற்றவர் கைப்பேசியைக் கீழே வைத்தார். "என்னக்கா சொல்லுறியள்?"

"நான் துப்புரவாக்கிற மியூசியத்திலை பழைய போர்க்கப்பல் பீரங்கி ஒண்டு இருக்கு. நூறு வருசம் கடலுக்கை கிடந்து எடுத்தது. போன கிழமை குழாய்க்குள்ளை தலையை விட்டுத் தூசு துடைச்சன். அந்தக் காதிலை அண்ணையின்ரை குரல் கேட்டது."

"அவர் ஊரிலையே செத்துப்போனாரெல்லோ?"

"ஓம். கப்பலிலையிருந்து அடிச்ச செல் வந்து விழுந்து வெடிச்சது. எனக்குக் காது போச்சு, பக்கத்திலை நிண்ட அவர் போயிட்டார். கடைசியாச் சொன்னது, 'பிள்ளை, குனி.' குழாய்க்குள்ளையும் அதைத்தான் சொன்னவர்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நிலத்திலை குப்புறப் படுத்திட்டன். வாசலிலை ரிக்கற் குடுக்கிற டெனிஷ் பிள்ளைதான் வந்து தூக்கினவள்."

ரயில் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அந்த வேலையை விடுங்கோ அக்கா."

"விடேலாது. சனி, ஞாயிறு வேலையையும் எனக்கே தரச்சொல்லிக் கேட்டிருக்கிறன்."