பன்னிரண்டு வாரப் புண்

விசாரணைக்காக நடந்ததை ஆறு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள், மேடம். மூன்றில் முடித்துக்கொள்வோம். அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தவர். பேரம் பேசாமல் கேட்ட அளவை அப்படியே ஒப்புக்கொண்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நான் டிப்ளமோ நர்ஸ். இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றே போனது. அரசு நர்ஸிங் பள்ளிக்கு ஆசிரியை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆசை வந்தது. ஆசிரியைக்கு நாற்காலி உண்டு. ஆனால் பட்டம் வேண்டும், வயதும் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. நாற்பத்திரண்டில் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன். "தபால்ல படிச்சுட்டு ஊசியும் தபால்லயே போடுவியா?" என்று தலைமை நர்ஸ் கேட்டார். என் வீட்டுக்காரர் இன்னும் தாராளம். பட்டத்தில் பாதியைத் தபால்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

எழுத்துத் தேர்வுகளைத் தாண்டிவிட்டேன். கடைசியாக ஒரு பதிவேடு. ஆறாத புண் உள்ள ஒருவரை அவர் வீட்டுக்கே போய்ப் பன்னிரண்டு வாரம் பராமரித்து எழுத வேண்டும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து வாரம் ஒரு போட்டோ. பாதியில் ஆறிவிட்டால் என்ன செய்வது என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வழிகாட்டியிடம் கேட்டேன். "அப்ப கேஸ் முடிஞ்சுது. வேற ஆளப் பாத்து முதல்லேருந்து ஆரம்பிங்க" என்றார், அடுத்த பஸ்ஸில் ஏறச் சொல்வது போல.

எங்கள் தெருக் கோடியில் ஒரு தையல்காரர். சர்க்கரை வியாதி. மிஷின் மிதிக்கிற வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, கோட்டுப் பொத்தான் அளவுக்குப் புண். இரண்டு மாதமாக ஆறவில்லை. நானே வந்து கட்டுப் போடுகிறேன் என்றதும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தெய்வம் மாதிரி சிஸ்டர்."

"தெய்வத்த நிக்க வெச்சுப் பேசாத, ஒரு டீ போடு" என்றார் தையல்காரர்.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். முதல் இரண்டு வாரமும் கட்டை ஒழுங்காகப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் அவிழ்த்துப் பார்த்தால் புண் சட்டைப் பொத்தானாகச் சுருங்கியிருந்தது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பில் புதுச் சதை, பார்க்கவே லட்சணம். உடனே காலண்டரை எண்ணிப் பார்த்தேன். பதிவேட்டை ஒப்படைக்கப் பத்து வாரம்தான் இருந்தது. வேறு ஆளைத் தேடினால் பன்னிரண்டு வேண்டும். அடுத்த வருடம் கொடுக்கலாமென்றால் என் வயது காத்திருக்காது.

ஆகவே புண்ணோடு பேரத்தில் இறங்கினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆறிக்கொள், ஆனால் நிதானமாக ஆறு, அவ்வளவுதான். புதுச் சதையைக் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். தினமும் மாற்றுகிற கட்டை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். "மிஷின் மிதிக்கலாமா சிஸ்டர்?" என்று அவரே கேட்டார்.

"தாராளமா மிதிங்கண்ணே. ரத்த ஓட்டத்துக்கு நல்லது."

"பாத்தியா" என்றார் மனைவியிடம். "டாக்டர் படுக்கச் சொல்றாரு, சிஸ்டர் பொழைக்கச் சொல்றாங்க."

சர்க்கரையால் அந்தப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. வலித்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

ஏழாம் வாரம் மனைவி மெதுவாக, "நாத்தம் வருது சிஸ்டர். பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமா?" என்றார்.

"புண்ணுன்னா மணக்கவா செய்யும்க்கா?" என்றேன். மூவரும் சிரித்தோம். அவர் அப்புறம் கேட்கவில்லை.

ஒன்பதாம் வாரம் இரண்டு விரல்கள் கறுத்தன. புண் பேச்சு மாறிவிட்டது. பத்தாம் வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி தையல்காரர் பெரிய டாக்டரிடம் சொன்னார்: "சிஸ்டர் இல்லேன்னா இந்நேரம் ஆளே போயிருப்பேன்." நான் மறுக்கவில்லை. நோயாளியின் நம்பிக்கையைக் குலைக்கக் கூடாது என்று பாடத்திலேயே இருக்கிறது.

கடைசி இரண்டு வாரமும் வெட்டிய இடத்தின் போட்டோ. அதை மிகச் சுத்தமாகப் பராமரித்தேன், அழகாக ஆறியது. 'ஆரம்பம் முதல் முடிவுவரை முழுமையான கேஸ்' என்று வழிகாட்டி எழுதினார். அந்த வருடம் என்னுடையதுதான் முதல் மதிப்பெண். நாற்காலியும் கிடைத்தது.

பதிவேட்டைப் பள்ளி நூலகத்தில் மாதிரியாக வைத்தார்கள். ஐந்து வருடமாக எத்தனையோ பேர் புரட்டினார்கள். போன மாதம் ஒரு முதலாண்டுப் பெண் வகுப்பில் எழுந்து நின்றாள். "மூணாவது வாரம் ரோஸ் கலர்ல புதுச் சதை இருக்கு டீச்சர். நாலாவது வாரம் காணோம். அது எங்க போச்சு?"

எழுத்தைப் படிக்காமல் போட்டோவைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். உங்களுக்கு மனு எழுதிப் போட்டதும் அவள்தானே? நல்ல நர்ஸாக வருவாள். நான் சொல்லிக்கொடுத்த பெண்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆம். அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். தையல்காரர் இப்போது பொத்தான் மட்டும் தைக்கிறார், அதுவும் தெரியும். ஆனால் நியாயமாகப் பாருங்கள், மேடம். என்னிடம் படித்துப் போன நர்ஸுகளே நூற்றுச் சொச்சம் பேர். அந்தப் புண் மூன்றாம் வாரமே ஆறியிருந்தால் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு கால்தானே.