ஒரு கீறல்கூட இல்லை

இன்ஸ்பெக்டர் அய்யா, ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். வெளியே வராந்தாவில் வைத்திருக்கும் மெஷின்மேல் டீ கிளாஸ் வைக்க வேண்டாம் என்று ஏட்டய்யாவிடம் கொஞ்சம் சொல்லுங்கள். மேலே கண்ணாடி, அதனால் பாதகமில்லை. ஆனால் ஓரச் சட்டம் மரம். சூடான கிளாஸின் வட்டம் பாலிஷில் பதிந்தால் லேசில் போகாது. யாரோ ஈர மழைக்கோட்டையும் அதன்மேல் காயப்போட்டிருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. பொருளின் அருமை தெரியாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

நன்றி. இனி எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் அற்புதசாமி. புத்தூரில் சொந்த வீடு. கைலாசபுரம் ஃபேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வருகிற பாகங்களில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுவேன். குறி போட்டுவிட்டேன் என்றால் எந்த அதிகாரி வந்து கேட்டாலும் அழிக்க மாட்டேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பதற்றத்தில் எதையும் செய்கிறவன் அல்ல. இதை முதலிலேயே நீங்கள் புரிந்துகொண்டால் நம் இரண்டு பேருக்கும் வேலை மிச்சம்.

மெஷின் அமெரிக்காவில் செய்தது. பின்பால் என்று பெயர். காசு போட்டால் சரிவான பலகையில் ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும். வழியில் இருக்கும் குமிழ்களில் மோதி மணி அடிக்கும். அது கீழே இருக்கும் பள்ளத்தில் விழாமல் பொத்தானை அழுத்தி அழுத்தித் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பலகையின் தலைமாட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். அதில் படம் வரைந்த கண்ணாடியும் எரிகிற எண்களும் இருக்கும். நாங்கள் அதைத் தலைப்பெட்டி என்போம். இந்தத் தலைப்பெட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேஸே அதில்தான் நிற்கிறது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நம்பி ஒரு பொருட்காட்சிக்காரன் அதை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தான். ரிப்பேரானதும் அங்கேயே ஒரு வாழைக்காய் மண்டியின் பின்பக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டான். எழுபத்தைந்தாம் வருஷம் அந்த மண்டிக்குப் பெயர்ப்பலகை எழுதப் போன என் மச்சான் அடைக்கலராஜ்தான் அதைப் பார்த்தார். என் மனைவி லூர்துராணியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். வீட்டுக்குள் வரும்போதே பெயிண்ட் வாசனையோடு வருவார்.

"மாப்பிள்ளை, உங்களுக்குன்னே ஒண்ணு அங்க கிடக்கு. வந்து பாருங்க," என்றார்.

அந்தக் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெட்டி முழுக்க வாழைக்கறை. வயரை எல்லாம் எலி கடித்திருந்தது. கண்ணாடியில் குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரப் பெண், தொப்பி மட்டும் இருந்தது, முகம் உதிர்ந்துபோயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அப்பா அடக்கத்தில்கூட நான் அழவில்லை.

இரண்டு வருஷத்துக்கும் மேல் உழைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்தால் மாடி அறைதான். காயில் என்கிற கம்பிச்சுருள் ஒவ்வொன்றையும் பிரித்துப் புதிதாகச் சுற்றினேன். வாழைக்கறையைச் சுரண்டக் கூடாது, மரம் காயப்படும். எண்ணெய்விட்டு ஊறவைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. லூர்துராணி இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவாள். அதை நீங்கள் எழுத வேண்டாம், அது சம்பந்தமில்லாத பேச்சு.

கண்ணாடிப் படத்தை மச்சான் வரைந்து கொடுத்தார். சர்ச் திருவிழாவுக்குச் சப்பரத் தட்டியில் மாதா படம் வரைந்து பழகிய கை. குதிரைக்காரிக்கு மாதா முகம் வந்துவிட்டது. "தொப்பியை எடுத்துட்டா பீடத்துலயே வெச்சிடலாம்ண்ணே," என்று லூர்துராணி சிரித்தாள். மூக்கு ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்திருந்ததை நான் மட்டும் கவனித்தேன். வாய் திறக்கவில்லை. பெரிய மனது என்று இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் மச்சானிடம் ஒரு குறை இருந்தது. மெஷினில் அவர் விளையாடுவார்.

சும்மா விளையாடினாலும் பொறுத்துக்கொள்ளலாம். இடுப்பால் பெட்டியை இடித்து இடித்துக் குண்டைத் திருப்புவார். மணி விடாமல் அடிக்கும். பக்கத்து வீட்டிலிருந்து சைக்கிள் கடை பரக்கத் அலி ஏறி வந்து நின்று கைதட்டுவார். வீடே சிரிக்கும். லூர்துராணிகூட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட வந்துவிடுவாள். நான் முதலில் கை கழுவிவிட்டுத் தொடுங்கள் என்றேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மட்டும் என்றேன். பிறகு பிளக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பழுது பார்த்த பொருளை உபயோகித்தால் திரும்பத் தேயும். தேய்வதற்கா நான் பழுது பார்த்தேன்?

மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபமே வராது. அது அவருடைய இன்னொரு குறை.

போன மாதம், அக்டோபரில், மெஷினைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தோம். ஃபேக்டரியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். டேப் வைத்து அளந்தேன். தலைப்பெட்டியோடு திரும்பாது. அதனால் அதைக் கழற்றித் தனியாக இறக்கினோம். அடிப்பெட்டியை இறக்கும்போது திருப்பத்தில் என் கை நழுவியது. கீழே இருந்த மச்சான் முழங்காலைக் கொடுத்துத் தாங்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். படியில் உட்கார்ந்து வலியில் வேர்த்து ஊற்றிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே, மாப்பிள்ளை?"

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. கூடத்தில் மெஷினுக்குப் பக்கத்திலேயே அவருக்குக் கட்டில் போட்டோம். நான் தலைப்பெட்டியை மாட்டி, வயர்களை நேரடியாகச் சேர்த்து ஈயம் வைத்துவிட்டேன். இரண்டு பெட்டியையும் இணைத்த பழைய பிளக்கில் லூஸ் காண்டாக்ட் இருந்தது. இனி தலைப்பெட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு போல்ட்டையும் எடுக்க வேண்டும், வயரையும் வெட்ட வேண்டும். வெட்டுகிற நாள் வராது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது தெருவில் தண்ணீர், காப்பி குடித்து முடிப்பதற்குள் வாசற்படியில் தண்ணீர். லூர்துராணி அரிசியையும் மாதா சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பரக்கத் அலி தன் கடையில் வேலை பார்க்கும் வெள்ளைச்சாமியைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தார். நல்ல மனிதர்கள். தங்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

"சார், மொதல்ல உங்க மச்சானைத் தூக்கிடுவோம். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா ஒரு நிமிஷ வேலை," என்றார் பரக்கத் அலி.

"அவர் கட்டில்மேல உசரமாத்தான இருக்காரு பாய். மெஷினோட அடிப்பலகை இப்ப நனைஞ்சிடும். இதை மேல கொண்டுபோயிட்டா அடுத்து அவரைத் தூக்கிடலாம்."

இதில் தப்பு எங்கே என்று நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். மனிதன் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். பிளைவுட் ஒரு தடவை ஊறினால் உப்பி, தட்டுத் தட்டாகப் பிரிந்துவிடும். மச்சானும் அதையே சொன்னார். "பாய், மெஷினை எடுங்க. நான் எங்க ஓடிடப்போறேன்," என்று சிரித்தார்.

நான் மேலே, அவர்கள் இரண்டு பேரும் கீழே. தலைப்பெட்டியோடுதான் தூக்கினோம். திருப்பத்தில் சிக்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பக்கவாட்டில் ஒரு பூனைகூட நுழைய முடியாதபடி படியை அடைத்துக்கொண்டது.

"உதைச்சுத் தள்ளிட்டு வழி பண்ணுவோம் சார்," என்றான் வெள்ளைச்சாமி. அவன் சின்னப் பையன் அல்ல, நாற்பது வயது ஆள். அப்படியும் அப்படிப் பேசினான்.

"தலையைக் கழட்டுங்க சார்," என்றார் பரக்கத் அலி.

"ஸ்பானர் வேணுமே. பின்கட்டு அலமாரியில டூல் பெட்டி இருக்கு, பாருங்க," என்றேன். இரண்டு பேரும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். எனக்குப் பின்னால் மேல்படியில் நின்றிருந்த லூர்துராணி, "ஏங்க, அது எந்நேரமும் உங்க பேண்ட் பையிலதான கிடக்கும்?" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பினாள். மொட்டை மாடிக்குப் போய் ஆட்களைக் கூப்பிடுகிறேன் என்று ஓடினாள்.

அந்த ஸ்பானரைத்தான் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். வெள்ளம் வடிந்தபிறகு சேறான பேண்ட்டைத் துவைக்க எடுத்தபோது அவள் கைக்கு வந்தது. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் விட்டுவிடக்கூடும். ஆனால் நான் மறக்கவில்லை. கையை உள்ளே விட்டுத் தொட்டுக்கூடப் பார்த்தேன். தலைப்பெட்டியோடு திரும்பாது என்பதும் தூக்கும்போதே எனக்குத் தெரியும். கழற்ற மனம் வரவில்லை. தண்ணீர் இதற்குமேல் ஏறாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். கணக்கு தப்புவது குற்றமா?

கட்டிலுக்குத் தண்ணீர் வந்ததும் மச்சான் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே படியடிக்கு வந்தார். "மாப்பிள்ளை, நான் கண்ணாடிமேல படுத்து அப்படியே மேல வந்துடுறேன்," என்றார். வந்திருக்கலாம்தான். ஆனால் மாவுக்கட்டு சொரசொரவென்று இருக்கும். அது நான் சென்னையிலிருந்து தருவித்த கண்ணாடி.

"கொஞ்சம் பொறுங்க மச்சான், ஸ்பானர் வருது," என்றேன். சரி என்று பொறுத்தார். சொன்னதைக் கேட்கிற மனிதர்.

அப்போதுதான் பின்கட்டுக் கதவு பெயர்ந்தது. பரக்கத் அலியையும் வெள்ளைச்சாமியையும் தண்ணீர் கொல்லைக்கு அடித்துக்கொண்டு போனது. மதில்மேல் தொற்றிப் பிழைத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான்.

என் பங்குக்கு ஒரு புகார் உண்டு. மெஷினைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துவர உங்கள் ஆட்கள் வந்தார்கள் அல்லவா? அதே ஸ்பானரால் போல்ட்டைக் கழற்றி, வயர்க் கற்றையைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, தலைப்பெட்டியைத் தனியாகத் தூக்கினார்கள். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. என் கண்முன்னால் செய்தார்கள். லூர்துராணி அதைப் பார்த்துத்தான் அப்படி அலறினாள். மெஷினுக்காக அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

அதைச் சரிசெய்ய என்னை அனுமதியுங்கள். ஒரு சால்டரிங் இரும்பும் கொஞ்சம் ஈயமும் போதும், வராந்தாவில் உட்கார்ந்தே முடித்துவிடுவேன், விலங்கு போட்டிருந்தாலும் பரவாயில்லை. மச்சான் போனது போனதுதான், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. முடிந்ததையாவது செய்ய வேண்டாமா?

கையெழுத்துப் போடும் முன்னால் இன்னும் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, லூர்துராணிக்கும் தெரியாது. இருந்தாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும், குறையோடு கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

கதவு பெயர்ந்த பிறகும் மச்சான் இருந்தார். கழுத்தளவு தண்ணீரில் மெஷினின் முன்கால் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினார். குனிந்தால் அவர் மணிக்கட்டு எனக்கு எட்டும். அவர் கனத்துக்கு மெஷின் ஒரு விரற்கடை கீழே வழுக்கியது. நான் குனியவில்லை. என் இரண்டு கையும் மெஷினில் இருந்தது.

"மச்சான், இழுக்காதீங்க. சரியுது," என்றேன்.

"அய்யோ," என்றார். "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே, மாப்பிள்ளை?"

"ஒண்ணும் ஆகலை மச்சான்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தார். நான் தள்ளவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவராகத்தான் விட்டார். பொருளின் அருமை தெரிந்த மனிதர்.