செமிக்காமல் கிடந்தது

கிருசாந்தி: மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறதுக்கு உங்கட வெயர்ஹவுஸ் கன்ரீனிலயே இருந்து சாப்பிட்டிருக்கலாமே, கஜானி?

கஜானி: அங்க ஒரே பெட்டியும் இரைச்சலும்தான் அக்கா. இது என்ன, விலாங்கோ?

கிருசாந்தி: ஒவ்வொரு நாளும் இதையே கேளும். லிங் மீன். முழுப் பென்ரோஸிலயும் மத்தியானச் சாப்பாட்டோட வந்து மீன்ர வயிறு பாக்கிற ஆள் நீர் ஒராள்தான்.

கஜானி: நீங்கள் ஆராய்ச்சியெண்டு சம்பளத்துக்குப் பாக்கிறியள், நான் சும்மா பாக்கிறன். வெட்டுங்கோ. இண்டைக்கு என்ன சாப்பிட்டிருக்கிறாராம்?

கிருசாந்தி: பொறும்... சின்னச் சிவப்பு நண்டு. ஒரு மீன் தலை.

கஜானி: தலை மட்டுமோ?

கிருசாந்தி: கழுத்தைப் பாரும், நேர் வெட்டு. கப்பல்ல மீன் வெட்டிப்போட்டு எறியிற தலை. இது அடியில சேத்தோட கிடக்கும். மேல இருந்து என்ன விழுந்தாலும் மணத்தில கண்டுபிடிச்சிடும்.

கஜானி: இருட்டிலயுமோ?

கிருசாந்தி: அந்த ஆழத்தில எப்பவும் இருட்டுத்தான்.

கஜானி: சப்பித் தின்னுமோ?

கிருசாந்தி: அப்பிடியே விழுங்கும். குளிர்த் தண்ணியெல்லே, மெல்லத்தான் செமிக்கும். சிலது செமிக்கவே...

கஜானி: செமிக்கவே?

கிருசாந்தி: ஒண்டுமில்லை. ஏன் கண் இப்பிடிச் சிவந்து கிடக்கு?

கஜானி: நித்திரை இல்லை. ராவில வாசல்ல ஆரோ சப்பாத்தோட நடக்கிற மாதிரி... அக்கா, இந்த மீன் என்ர மனுசன் கப்பலால விழுந்த பக்கத்தில பிடிச்சதோ?

கிருசாந்தி: ...ஓம். தெற்குப் பக்கம்தான்.

கஜானி: பெரிய அலை அடிச்சதாம். திரும்பிப் பாக்க ஆளைக் காணேல்லையாம். கப்பல்காரர் அவ்வளவுதான் சொன்னவை. உடம்பும் கிடைக்கேல்லை.

கிருசாந்தி: இப்பிடி இரும். உம்மட்ட ஒண்டு மறைச்சிட்டன்.

கஜானி: ...சொல்லுங்கோ.

கிருசாந்தி: போன மாதம் ஒரு பெரிய லிங்கின்ர வயித்தில ரப்பர் கையுறை கிடந்தது. செம்மஞ்சள் நிறம். ஓரத்தில 'விதுஷன்' எண்டு தமிழில...

கஜானி: நான்தான் எழுதிக் குடுத்தனான்... வெறும் கையுறையோ?

கிருசாந்தி: இல்லை.

கஜானி: உள்ளுக்குள்ள...?

கிருசாந்தி: ஓம். கை இருந்தது. பொலிஸிட்டக் குடுத்தம். அவற்ற தம்பியின்ர இரத்தத்தோட பாத்தவை. அவர்தான். இண்டைக்குப் பின்னேரம் பொலிஸ் ஒனிஹங்காவுக்கு, உம்மட வீட்டை வருவினம். நான் முந்திச் சொல்லக்கூடாது... ஆனா நீர் ஒவ்வொரு நாளும் அவரைத் தேடி வந்து நிக்கேக்க, எனக்குத் தாங்கேல்லை. அழும் பிள்ளை. அழுதிடும்.

கஜானி: எந்தக் கை அக்கா?

கிருசாந்தி: வலது. ஏன்?

கஜானி: அவர் என்ர கழுத்தை நெரிக்கிறது அந்தக் கையாலதான்.

கிருசாந்தி: கஜானி...?

கஜானி: நான் அவரைத் தேடி வரேல்லை அக்கா. எப்பிடியும் தப்பித் திரும்பி வந்திடுவார் எண்ட பயத்தில, கதவுக்குக் கட்டிலை இழுத்து முட்டுக்குடுத்திட்டுத்தான் இவ்வளவு நாளும் படுத்தனான். செத்துப்போனார் எண்டு ஆரும் ஒருக்காச் சொல்லமாட்டினமோ எண்டுதான் இஞ்ச வந்து வந்து நிண்டனான்.