தினமும் மூன்று பக்கெட்

2008 பிப்ரவரி 12, செவ்வாய், மாலை 5.40. வெயில் தணிந்தும் புழுதி அடங்கவில்லை. அமீர்பேட்டில் கூகட்பள்ளி பஸ் ஏறினேன்; நின்றவர்கள் மட்டும் இருபத்து மூன்று பேர். என் முன் சீட்டில் ஒரு தகப்பனும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும்.

“அப்பா, உங்களால என் தண்ணி சேமிப்பு ப்ராஜெக்ட்டே ஃபெயில்.”

“ஏட்டி, நான் என்ன செஞ்சேன்?”

“ஷேவ் பண்றப்போ குழாயத் திறந்து விட்டுட்டு அமெரிக்காவுக்குப் போன் பேசுறீங்க. பக்கெட் வெச்சு அளந்தேன். முதல் வாரம் தினமும் மூணு பக்கெட். குறைக்கிறேன்னு ப்ராமிஸ் பண்ணீங்க. ரெண்டாவது வாரமும் மூணுதான்!”

“ரெண்டாவதுக்கு ஒண்ணுன்னு எழுது. எவன் வந்து பாக்கப் போறான்?”

“நான் பாத்தேனே!”

“பேரன்ட்ஸ் டேக்கு அதைச் சுவத்துல ஒட்டுவாங்கட்டி. எங்க ஆபீஸ்காரன் நாலு பேர் வருவான். மானம் போயிரும்லா.”

“நக்கோ, வேண்டவே வேண்டாம் அப்பா! கேள்வி கேட்டு, அளந்து, வந்ததை எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. பதில நீங்களே சொல்றதுன்னா, நான் எதுக்குப் பதினாலு நாள் பாத்ரூம் வாசல்ல நின்னேன்?”

“மார்க் குறைஞ்சா எங்கிட்ட வந்து அழாத.”

அவள் நோட்டை மடியில் விரித்தாள். அவர் கை நீட்டினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எழுதினாள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் வாரம், மூன்று பக்கெட். மாற்றம், இல்லை. காரணம் என்ற இடத்தில் தகப்பனின் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

அதற்குள் நான் இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு ஸ்டாப் போயிருந்தது. திரும்பி வர டிக்கெட் ஐந்து ரூபாய்.