மன்னர் திருப்பிக் கேட்ட சிலுவை

இரவு பதினொன்று. டென்மார்க்கின் ஜட்லாந்துக் கடற்கரையில், மணல்மேட்டை ஒட்டி ரயில் நிலையத்துக்குப் போகும் சாலை... ஈ காக்கை இல்லை. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நம் பக்கத்து வீட்டு லாவ்ரிட்ஸின் அத்தை ஒலீனாவுக்கு நடந்தது இது.

அவள் கணவன் கிறெஸ்டன், உயிர்காப்புப் படகின் தலைவன். உடைந்த கப்பலிலிருந்து இருபத்திரண்டு பேரை மீட்டதற்காக டென்மார்க் மன்னர் அவனை டானப்ரோ என்னும் அரச விருது பெற்ற வீரர் குழாமில் சேர்த்து, வெள்ளிச் சிலுவை அணிவித்தார். ஆனால் அது ஆயுள் வரைக்கும்தான். ஆள் இறந்தால் வீட்டார் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். பிறகு அதே சிலுவை வேறொருவர் மார்பில் ஏறும்.

நவம்பரில் கடலுக்குப் போன கிறெஸ்டன் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. சிலுவையைத் திருப்பிக் கேட்டு, தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒலீனா அசையவில்லை. தினமும் மேசையில் இரண்டு தட்டு வைத்தாள்.

“அக்கா, அது ராஜா வீட்டுச் சொத்து. அனுப்பிடு. மாமாதான் போயாச்சே,” என்றான் தம்பி யெப்பே.

“போனதை நீ பார்த்தியா? இதைக் கொடுத்தா, அவர் செத்துட்டாருன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரிடா!”

நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் சம்மதித்தாள். விடியற்கால ரயிலில் தபால் ஏறும். பகலில் போனால் ஊர் வேடிக்கை பார்க்கும் என்று இரவிலேயே கிளம்பினாள். சிலுவை கோட்டுப் பையில்.

பாதி வழியில்... சளக். சளக். தண்ணீர் நிறைந்த பூட்ஸ் நடக்கும் சத்தம். கூடவே தார், ஈரக் கம்பளி, அவனுடைய புகையிலை வாசனை. நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவளுக்கோ மனசு துள்ளியது, பாவம்.

“எங்க போயிருந்தீங்க இத்தனை நாளா? சூப்பெல்லாம் ஆறிப்போச்சு.”

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நீலம் பாரித்த கை.

“கொடு, ஒலீனா.”

கொடுத்தாள். தன் பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான் என்றே நம்பினாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே திரும்பி நடந்தாள். வாசலில் நின்று பார்த்தால்... பின்னால் யாரும் இல்லை. விடியும்வரை அழுதாள். ஆனாலும் மறுநாள் இரண்டு தட்டு வைத்தாள்.

பத்தாம் நாள் கோபன்ஹேகனிலிருந்து ஒரு ரசீது வந்தது. சிலுவை நேரில் ஒப்படைக்கப்பட்டது என்றிருந்தது. காகிதம் நனைந்திருந்தது. உப்பு மணம். அடியில் ஒரு கேள்வி அச்சிட்டிருந்தார்கள்: ‘ஒப்படைப்பவர் இறந்தவருக்கு என்ன உறவு?’

எதிரே கிறெஸ்டனின் கோணல் எழுத்து. ஒரே வார்த்தை.

‘நானே.’

அன்று ஒலீனா ஒரு தட்டுதான் வைத்தாள்.